டோக்கன் இல்லாமல் உள்ளே வந்த விலாங்கு

எங்கள் தெருவில் பல் டாக்டரின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. டோக்கன் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. "டோக்கன் அக்கா இருக்கற பல் ஆஸ்பத்திரி" என்று சொன்னால்தான் வண்டிக்காரர்களுக்கே வழி புரியும்.

நான் அதே கட்டடத்தில் அடுத்த கதவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நடுவில் இருப்பது பேருக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் யாருக்காவது பல் பிடுங்கினால் இந்தப் பக்கம் எனக்குக் கூசும். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி சுவர் வழியாகக் கேட்டது.

அக்கா இங்கே வருவதற்கு முன்னால் ஒரு சினிமா தியேட்டரின் சைக்கிள் ஸ்டாண்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர். டோக்கனைக் காட்டினால்தான் சைக்கிள். ஒருமுறை தியேட்டர் முதலாளியே டோக்கனைத் தொலைத்துவிட்டு, எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் வீட்டுக்கு நடந்தே போனாராம். மறுநாள் அக்காவுக்கு வேலை போய்விடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். முதலாளி வந்தார், சட்டைப் பையில் கிடைத்த டோக்கனை நீட்டினார், சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார். தியேட்டரை இடித்து மரச்சாமான் கடை கட்டியபோது அக்கா இந்த கிளினிக்குக்கு வந்தார். இப்போது பத்தொன்பது வருஷம் ஆகிறது.

குரல் அப்படியே இருக்கிறது. "பதினேழூஊ!" என்று அவர் கூப்பிட்டால், என் கடையில் நிற்பவர் பதறிப்போய் "பதினேழு காப்பி வேணாங்க, ரெண்டு போதும்" என்பார். வீட்டிலும் இதே கதைதான். காலையில் குளியலறைக்கு அக்கா ஒன்று, அவர் வீட்டுக்காரர் இரண்டு. வீட்டில் இருப்பதே அந்த இரண்டு பேர்தான், மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். ஆனாலும் "ரெண்டு!" என்று குரல் வராமல் அந்த மனுஷன் துண்டை எடுக்கமாட்டார். அவர் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஜன்னல் திரை மாட்டுகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் அளவு நாடாவை வெளியே எடுப்பார்.

கிளினிக்கில் ஆட்கள் காத்திருக்கும் ஹாலில் ஒரு பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டி உண்டு. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயம் குறையும் என்று எங்கேயோ படித்துவிட்டு டாக்டர் வாங்கி வைத்தது. வைத்ததோடு அவர் வேலை முடிந்தது. உப்பைக் கரைப்பது, தண்ணீர் மாற்றுவது, கண்ணாடி துடைப்பது, இரை போடுவது எல்லாம் அக்கா தலையில். அக்கா மீன்களுக்குப் பெயர் வைக்கவில்லை, நம்பர் கொடுத்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள் ஒன்றும் இரண்டும். எலுமிச்சை நிறத்தில் தட்டை மீன் மூன்று. மூக்கு நீண்ட மீன் நான்கு. நட்சத்திர மீன் ஐந்து. சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. நகம் அளவுக்கு ஒரு நீலக் குட்டி மீன், அது பதிமூன்று.

ஆறும் ஏழும்தான் அந்தத் தொட்டியின் செல்லங்கள். முதுகில் சிவப்புக் கோடு போட்ட இரண்டு சுத்தம் செய்யும் இறால்கள். ஒரு கல்லின் மேல் நின்று வெள்ளை மீசையை ஆட்டிக்கொண்டிருக்கும். மற்ற மீன்கள் ஒவ்வொன்றாக வந்து எதிரே நின்று வாயைத் திறக்கும். இறால் அதன் வாய்க்குள்ளேயே நுழைந்து, அழுக்கைப் பொறுக்கித் தின்றுவிட்டு வெளியே வரும்.

"என் ஜூனியருங்க," என்பார் டாக்டர் பெருமையாக.

அக்காவுக்கு வேறு காரணத்தால் அவற்றைப் பிடிக்கும். "பாரு தம்பி, மூணு வந்து நிக்குது, அதுக்குப் பின்னால நாலு நிக்குது. யாரும் இடிக்கல, யாரும் 'எனக்கு அவசரம்'னு சொல்லல. மனுஷனுக்கு டோக்கன் குடுத்தும் வரல இந்தப் புத்தி."

டாக்டர் தங்கமான மனுஷர். ஆளும் பெரியவர், மனசும் பெரியது. ஒரே ஒரு பலவீனம், பல். யார் பல்லாக இருந்தாலும் பார்த்தாக வேண்டும். சீப்பைக் கையில் கொடுத்தால் எத்தனை பல் போயிருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் தலை வாருவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் மத்தியானம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"ஏம்மா, இதைப் பாரு! கடல் விலாங்கு! தொண்டைக்குள்ள இன்னொரு தாடை இருக்கு! முன்பல்லு பிடிச்சுக்கும், உள்ள இருக்கற தாடை பாய்ஞ்சு வந்து இழுத்துக்கும். ரெண்டு செட்டும்மா, ரெண்டு செட்டு!"

அக்கா வீடியோவைப் பார்த்தார். "நம்மகிட்ட வர்றவங்களுக்கு ஒரு செட்டையே ஒழுங்கா வச்சுக்கத் தெரியல டாக்டர்," என்று சொல்லிவிட்டு இருபத்து மூன்றைக் கூப்பிட்டார்.

விஷயம் அதோடு முடிந்தது என்று அக்கா நினைத்தார். நாலாம் நாள் அலங்கார மீன் விற்கிற தொட்டிக்கடைக்காரர் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பைக்குள் ஒன்றரை முழ நீளத்தில், வெள்ளை உடம்பில் கறுப்பையும் மஞ்சளையும் உதறித் தெளித்த மாதிரி ஒன்று சுருண்டிருந்தது.

"இது ரொம்ப சாதுங்க," என்றார் தொட்டிக்கடைக்காரர். "மீனையெல்லாம் அவ்வளவா தொடாது. நண்டு, இறால், அவ்வளவுதான் அதுக்கு."

அக்கா தொட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "எங்க தொட்டியில என்னங்க இருக்கு?"

கடைக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். "நண்டு... இறால்..." என்று இழுத்தார்.

"அப்போ இதைக் குடி வைக்கறோமா, இல்ல விருந்துக்குக் கூப்பிடறோமா?"

"பழகிக்கும்மா," என்றார் டாக்டர். அவர் கண் அந்த வாயை விட்டு அகலவில்லை. "கடல்ல எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு?"

"கடல் பெருசு டாக்டர். இது ஆறடி."

டாக்டர் கேட்கவில்லை. விலாங்கு உள்ளே போனது. அக்கா தன் நோட்டை மூடி வைத்தார். "இதுக்கு நம்பர் கிடையாது. டோக்கன் வாங்காம நடுவுல பூந்தது இது," என்று ஹாலுக்கே கேட்கும்படி சொன்னார்.

முதல் வாரம் விலாங்கு ஒரு குழாய்த் துண்டுக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டியிருந்தது. வாயை மெல்லத் திறக்கும், மெல்ல மூடும். திறக்கும், மூடும். அது மூச்சு விடுவதே அப்படித்தான். இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் அதையே பார்த்துப் பார்த்து, தங்களை அறியாமல் தாங்களும் வாயைத் திறந்து மூட ஆரம்பித்தார்கள். கதவைத் திறந்து பார்த்தால் பத்துப் பேர் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஹாலிலேயே ஒரு சுற்று வந்து, "உங்களுக்கு ஒண்ணுமில்ல, சுத்தம் பண்ணா போதும். உங்களுக்குக் கடவாய்ல சொத்தை," என்று அங்கேயே பாதி வேலையை முடித்தார்.

"பாத்தியாம்மா? எவ்வளவு உதவி!"

அக்கா சங்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து சங்கும் இருந்தன. உள்ளே ஆள் இருந்தது இரண்டில்தான். அடுத்த வாரம் அந்த இரண்டும் காலி. வாடகைக்கு இருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன வீடு மாதிரி சங்குகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. நோட்டில் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை "வரவில்லை" என்று எழுதினார் அக்கா. அதற்கடுத்த புதன்கிழமை பதிமூன்றுக்கும் அதையே எழுத வேண்டி வந்தது.

"கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும்மா," என்றார் டாக்டர்.

"கல்லுக்குப் பின்னால நான் பாத்துட்டேன். இனிமே அந்தச் சனியனோட வயித்துக்குள்ளதான் பாக்கணும்."

"சரி, ஆறும் ஏழும் நல்லாத்தானே இருக்கு? நேத்து விலாங்கு வாய்க்குள்ளயே போய் சுத்தம் பண்ணுச்சு பாத்தியா? தன்னைச் சுத்தம் பண்றவங்களை அது தொடாது. பேஷண்டு டாக்டரைக் கடிப்பானா?"

"போன மாசம் உங்களை ரெண்டு பேர் கடிச்சாங்க டாக்டர்."

அந்தச் சமயத்தில்தான் பஸ் கண்டக்டர் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் ஆறடி, தொங்கு மீசை. பஸ்ஸில் அவர் ஒரு அதட்டல் போட்டால் படிக்கட்டில் நிற்பவர்கள் உள்ளே பறப்பார்கள். ஆனால் வலது பக்கக் கீழ்க் கடவாய்ப் பல்லை எடுக்க இதுவரை பதினோரு முறை டோக்கன் வாங்கிவிட்டு, பதினோரு முறையும் தன் முறை வருவதற்குச் சற்று முன்னால் காணாமல் போனவர். இது பன்னிரண்டாவது. தாடையைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு, சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவரைத் தப்பவிடக் கூடாது என்று டாக்டரே வெளியே வந்து அவர் தோளில் கை போட்டுத் தொட்டி முன்னால் கூட்டிப்போனார்.

"இங்க பாருங்க. அது வாயைத் திறந்திருக்கு இல்ல? அந்தச் சின்ன இறால் உள்ள போகும், சுத்தம் பண்ணும், வந்துடும். அதுக்கும் வலி இல்ல, இதுக்கும் பயம் இல்ல. அவ்வளவுதான் வைத்தியம்."

ஹாலில் இருந்த எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். விலாங்கு வாயைத் திறந்து வைத்திருந்தது. ஆறாம் நம்பர் கல்லிலிருந்து இறங்கி, மீசையால் விலாங்கின் மூக்கைத் தடவிவிட்டு, நிதானமாக உள்ளே நுழைந்தது. கண்டக்டரின் வாயும் தானாகத் திறந்துகொண்டது.

விலாங்கு வாயை மூடியது.

ஹாலில் பன்னிரண்டு வாய்கள் 'டப்'பென்று மூடின. விலாங்கின் உதட்டுக்கு வெளியே இரண்டு வெள்ளை இழைகள் கொஞ்ச நேரம் ஆடின, பிறகு அவையும் உள்ளே போயின.

கண்டக்டர் மெதுவாகத் திரும்பினார். "சார், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இதுல நான் யாரு, நீங்க யாரு?"

"வலி போயிடுச்சு சார்!" என்று கண்டக்டர் சொன்னபோது அவர் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தார். பின்னாலேயே ஹாலும் காலியானது. ஒருவர் அவசரத்தில் தன் ஒரு செருப்பையும் இன்னொருவரின் ஒரு செருப்பையும் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் அக்கா டாக்டரிடம் பேசவில்லை. சொல்ல வேண்டியதை எழுதி, என் கடையில் நகல் எடுத்து, ஒன்றை டாக்டரின் மேஜையிலும் ஒன்றைத் தொட்டியிலும் ஒட்டினார். ஒரு தாளில் "ஆறாம் நம்பர் பணியில் இருந்தபோது இறந்தது" என்று இருந்தது. இன்னொன்றில் "ஏழாம் நம்பரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? கையெழுத்துப் போடவும்" என்று இருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஏழாம் நம்பரை அக்கா ஒரு கண்ணாடி ஜாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, காற்றுக் குழாய் விட்டு, தன் மேஜை மேலேயே வைத்துக்கொண்டார். டோக்கன் வாங்க வருகிறவர்கள் அந்த ஜாடிக்கு மேலே எட்டித்தான் பேச வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் கிளினிக்கைத் திறந்தபோது தரையில் ஒரு ஈரத்தடம் கோணலும் மாணலுமாகப் போயிருந்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் யாருடைய மஃப்ளரோ கிடப்பது மட்டும் கண்ணில் பட்டது. பல்வலிக்காரர்கள் மஃப்ளரை விட்டுவிட்டுப் போவது சகஜம். அக்கா குனிந்து எடுத்தார். தூசியும் பஞ்சும் முடியுமாக ஒட்டிக்கிடந்ததால் இரண்டு உதறு உதறினார்.

மஃப்ளர் வாயைத் திறந்தது.

அப்போது வந்த சத்தத்தைக் கேட்டு நான் கடை ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். அக்கா இரண்டு கையாலும் விலாங்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்.

"எங்க போடறது? தம்பி, எங்க போடறது?"

"தொட்டியிலதான் அக்கா!"

"அங்க மத்ததுங்க இருக்கேடா!"

அந்த நிலைமையிலும் அவருக்கு ஒன்று முதல் ஐந்து வரைக்கும் ஞாபகம் இருந்தது. கடைசியில், தண்ணீர் மாற்றுவதற்காக உப்புக் கரைத்து வைத்திருந்த வாளி கண்ணில் பட, அதற்குள் போட்டார். விலாங்கு அடியில் போய் அசையாமல் கிடந்தது. எப்போது மூடியின் இடுக்கு வழியாக வெளியே வந்ததோ தெரியவில்லை. விடிகிற நேரமாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுசாகக் காய்ந்திருக்கும்.

"செத்துடுச்சு அக்கா," என்றேன். உண்மையைச் சொன்னால், அக்கா சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏழாம் நம்பர் ஜாடியிலிருந்து காற்றுக் குழாயை உருவி, "நீ ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோ கண்ணு," என்று அதனிடம் சொல்லிவிட்டு, குழாயை வாளிக்குள் விலாங்கின் வாய் பக்கம் பிடித்தார். டாக்டரின் இடுக்கியை எடுத்து அதன் உடம்பில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொரு இழையாக எடுத்தார். எடுத்துக்கொண்டே திட்டினார். "மூச்சு விடு, சனியனே. ஆறைத் தின்ன, பதிமூணைத் தின்ன, எங்க போகணும்னு வெளிய வந்த? உனக்கு இங்க என்ன குறை? விடு மூச்சை."

அரை மணி நேரம் அவர் அப்படியே குந்தியிருந்தார். டாக்டர் வந்து, நிலைமையைப் பார்த்து, அவருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். முதலில் செவுள் பக்கம் லேசாகத் துடித்தது. அப்புறம் அந்த வாய் மெல்லத் திறந்தது, மெல்ல மூடியது. எங்கள் மூன்று பேர் வாயும் கூடவே திறந்து மூடியது.

அக்கா எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நோட்டைத் திறந்தார். "பதினாலு," என்று சொல்லி எழுதினார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

மத்தியானம் வீட்டுக்காரர் வரவழைக்கப்பட்டார். அவர் தொட்டியை அளந்தார், மூடியை அளந்தார், இடுக்கை அளந்தார். "உள்ள இருக்கறது எவ்வளவு நீளம்?" என்று கேட்டுவிட்டு அதையும் கண்ணாடிக்கு வெளியே நாடா வைத்து அளந்தார். திரைக் கம்பி, கொக்கி, திருகாணி, தடித்த வலைத்துணி எல்லாம் கொண்டுவந்து மூடியை எறும்பு நுழையாதபடி அடைத்தார். போகிறபோது, யாரும் கேட்காமலே, தொட்டிக்கு முன்னால் பூப்போட்ட ஒரு திரையும் மாட்டி, இழுக்க ஒரு கயிறும் விட்டார். "வெளிச்சம் பட்டா அதுக்குப் பிடிக்காது," என்றார். அன்றைய பத்து வார்த்தையில் நாலு அதற்குச் செலவானது. நோயாளிகளுக்கு அது நாடகம் ஆகிவிட்டது. ஒருவர் கயிற்றை இழுப்பார், மற்றவர்கள் கைதட்டுவார்கள்.

அக்கா நீண்ட இடுக்கியில் கணவாய் மீன் துண்டைப் பிடித்து வாரத்தில் இரண்டு நாள் வயிறு நிறையப் போட்டதால் விலாங்கும் மற்ற மீன்கள் பக்கம் போகாமல் இருந்தது. "அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது," என்று எல்லாருக்கும் விளக்கினார். "மோப்பம்தான். கணவாய் வாசனை வந்தா கணவாய். அது உங்க விரலா, என் விரலான்னு அதுக்குத் தெரியாது." கைப்பட எழுதி என்னிடம் நகல் எடுத்தும் ஒட்டினார்.

எல்லாரும் படித்தார்கள், டாக்டரைத் தவிர.

பல் டாக்டர்கள் சங்கத்தின் தலைவி ஒருநாள் கிளினிக்கைப் பார்க்க வந்தார். வெடவெடவென்று ஒல்லியான, கண்டிப்பான அம்மா. அவருக்கு இரண்டாவது தாடையைக் காட்டியே தீருவது என்று டாக்டருக்கு ஆசை. அக்கா இடுக்கியை நீட்டினார். டாக்டர் வாங்கவில்லை. "என்னை அதுக்குத் தெரியும்மா," என்று சொல்லி, கணவாய்த் துண்டைக் கையாலேயே பிழிந்து எடுத்து, திரையை இழுத்து, மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டார்.

விலாங்கு கணவாயை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலைப் பிடித்தது.

"ஆஆஆ!" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் என் மெஷினில் தாள் மாட்டிக்கொண்டது. ஆனால் அந்த மனுஷரைப் பாராட்ட வேண்டும். வலியிலும் வகுப்பை நிறுத்தவில்லை. "மேடம்... ஐயோ... இது முன் தாடை... இப்ப, இப்ப வருது பாருங்க ரெண்டாவது... அம்மாடி!... உள்ள இழுக்குது மேடம், நல்லாத் தெரியுது!"

தலைவி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உண்மையிலேயே குனிந்து பார்த்தார்.

"கையை இழுக்காதீங்க!" என்று அக்கா பாய்ந்து வந்து டாக்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "இழுத்தா கிழிஞ்சிடும். அதுவா விடும். ரிலாக்ஸ் பண்ணுங்க. மூக்கால மூச்சு விடுங்க. சும்மா எறும்பு கடிச்ச மாதிரிதான் டாக்டர்."

"எறும்பா? எந்த ஊர்ல இருக்கு இந்த எறும்பு?" என்று அழுதார் டாக்டர். இருபத்தைந்து வருஷமாக அவரே தினமும் எல்லாருக்கும் சொல்லிவந்த வாக்கியம் அது.

ஒரு நிமிஷம் கழித்து விலாங்கு, ருசி பிடிக்காததுபோல, விரலைத் துப்பிவிட்டுக் குழாய்க்குள் போனது. பெரிய ஆஸ்பத்திரியில் நாலு தையல். இரண்டு வாரம் கையில் தண்ணீர் படக் கூடாது, வேலை செய்யக் கூடாது.

கிளினிக் வாசலில் "டாக்டரை விலாங்கு கடித்துவிட்டதால் விடுமுறை" என்று பலகை மாட்டினார் அக்கா. டாக்டர் 'சொந்த வேலை காரணமாக' என்று போடச் சொன்னார். அக்கா பொய் எழுத மாட்டேன் என்றுவிட்டார். விடுமுறை என்று பேர்தானே ஒழிய, மீன்களுக்கு இரை போட அக்கா தினமும் வந்தார், விரலில் போட்ட கட்டை மாற்றிக்கொள்ள டாக்டரும் வந்தார்.

அப்படி ஒருநாள் அக்கா பழைய துணியைப் பிரிக்க, டாக்டர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு "மெதுவாம்மா, மெதுவா, ஒரு நிமிஷம் நிறுத்து, தண்ணி குடிச்சுக்கறேன்," என்று கத்திக்கொண்டிருந்தபோது, கண்டக்டர் உள்ளே வந்தார். கன்னம் கால்பந்து மாதிரி வீங்கியிருந்தது. வலி தாங்காமல், மூடியிருந்தாலும் பரவாயில்லை என்று வந்திருக்கிறார். டாக்டரின் நிலைமையைப் பார்த்தார். வீங்கிய கன்னத்தோடு சிரிக்க முடியாமல் சிரித்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டாக்டரின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல சார். அந்தப் பக்கம் பாக்காதீங்க. என்னைப் பாருங்க. எந்த ஸ்டாப்புல இறங்கணும் நீங்க?"

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து வீக்கத்தைக் குறைத்தார். கை ஆறிய முதல் நாள் முதல் டோக்கன் கண்டக்டருக்குத்தான். "ஒண்ணு!" என்று அக்கா கூப்பிட்டபோது அவர் எழுந்தார், உள்ளே போனார், நாற்காலியில் சாய்ந்தார். இந்த முறை தயங்கியது டாக்டர். விரலை வாய்க்குள் விடப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

"கடிக்க மாட்டீங்களே?"

"நீங்க பிடுங்கறப்ப சொல்லிட்டுப் பிடுங்குங்க சார்," என்றார் கண்டக்டர். "நான் கடிக்கறப்ப சொல்லிட்டுக் கடிக்கறேன்."

இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக்கூட அன்று கூசவில்லை.

விலாங்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று டாக்டர் முடிவு பண்ணியிருந்தார். தொட்டிக்கடைக்காரரும் பையோடு வந்துவிட்டார். அக்கா குறுக்கே நின்றார். "டோக்கன் குடுத்தவங்களை நான் திருப்பி அனுப்பினதில்ல. தனியா ஒரு தொட்டி குடுங்க, இல்லன்னா அந்தப் பையில என்னையும் போட்டுக் கட்டுங்க." கடைக்காரர் பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தொட்டிக்கு அளவு கேட்டார். அளவு வீட்டுக்காரரிடம் ஏற்கெனவே இருந்தது. பழைய எக்ஸ்ரே அறையில் விலாங்குக்கு மட்டுமாக ஒரு தொட்டி வந்தது. ஹாலில் இருந்த தொட்டிக்கு ஏழாம் நம்பர் ஜாடியிலிருந்து திரும்பிப்போய்த் தன் கல்லின் மேல் ஏறிக்கொண்டது. அன்றைக்கே மூன்றும் நாலும் வந்து வரிசையில் நின்றன.

போன மாதம் அக்கா நாலு நாள் லீவு எடுத்தார். மகள் கடலோர ஊர் ஒன்றில் இருக்கிறாள், குழந்தை பிறந்திருக்கிறது. டாக்டரை உட்கார வைத்து, பல் பிடுங்கும் வலது கைக்கு ஆபத்து வேண்டாமென்று இடது கையில் இடுக்கி பிடித்து இரை போடப் பழக்கிவிட்டு, இரண்டு முறை தேர்வும் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். திரும்பி வந்ததும் வீட்டுக்காரர் என் கடைக்கு வந்து ஒரு விஷயம் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஒரு சாயங்காலம் எல்லாரும் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். மகள் குழந்தையை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் இறங்கி, ஒரு விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாராம்.

"உப்பு ஒரு பிடி கம்மி," என்றாராம். "யாரு கரைக்கறாங்கன்னு தெரியல."

பக்கத்தில் கால் நனைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும், அவரும் ஒரு விரல் தொட்டு ருசி பார்த்தாராம்.